ஈபிஎஃப் கணக்கில் சறுக்கும் இடங்கள்

முப்பது வயதுக்காரர் ஒருவர் 55இல் கைக்கு வரும் ஈபிஎஃப் (இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி) காசைக் கணக்குப் பார்க்கிறார் என்று வைப்போம். முதலில் தேடுவது கடைசியாக எங்கோ வாசித்த வட்டி வீதத்தைத்தான். சறுக்கல் அங்கேயே தொடங்குகிறது.

2023க்கு ஊழியர் சேமலாப நிதி 13 வீதம் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு 9, அடுத்த ஆண்டு 11. சம்பளம் ஒரு லட்சம் என்றால் ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து மாதம் 20,000 ரூபாய் போகும். சம்பளமே கூடவில்லை என்று பிடித்தாலும், 25 வருடத்தில் 13 வீதத்துக்கு ஏறக்குறைய 3.7 கோடி, 9 வீதத்துக்கு 2 கோடி. நல்ல வருடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு 25 வருடத்துக்கும் நீட்டினால் ஒன்றே முக்கால் கோடி கனவு. 2023இல் அரசு செய்த கடன் மறுசீரமைப்பில் நிதியத்துக்குக் கிடைத்த புதிய திறைசேரி முறிகளே (அரசின் கடன் பத்திரங்கள்) 2026 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் தருவன. ஆகவே 9க்கு மேல் போட எனக்குத் துணிவில்லை.

சரி, அந்த 2 கோடியாவது நிஜமா? சாமான் விலை வருடம் 6 வீதம் ஏறினால், அன்றைய 2 கோடிக்கு இன்றைய 47 லட்சத்தின் சாமான்தான் வாங்கலாம். 6 வீதம் கூட அடக்கமான ஊகம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம், அந்த வருடத்து வட்டி 9. வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய்வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வட்டியையும் விலையேற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், மிஞ்சுவதுதான் வருமானம்.

பங்குச் சந்தையிலும் கொஞ்சம் போடுகிறவர்கள் சராசரியில் ஏமாறுவார்கள். ஒரு வருடம் 50 வீதம் இறங்கி மறு வருடம் 50 வீதம் ஏறினால் சராசரி பூச்சியம். கையில் இருப்பதோ நூறுக்கு எழுபத்தைந்து.

அப்புறம், ஓவர்டைம் காசுக்கு ஈபிஎஃப் வெட்டுவதில்லை. மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தொகை ஊதிவிடும். வீட்டுக்கென்று கணக்கில் இருந்ததில் 30 வீதத்தை இடையில் எடுத்தவர்கள் அதையும் கழிக்க வேண்டும்: 40 வயதில் எடுத்த ஒரு லட்சம், 9 வீதத்துக்குக் கிடந்திருந்தால் 55இல் 3.6 லட்சமாகியிருக்கும்.