மாமனாரின் இரண்டு வருடப் பட்டாளம்: ஒரு சாதாரண பிரிட்டிஷ் சிப்பாயின் சேவைக் கதையைத் தேடி எழுதுவது எப்படி

போட்டோவில் தொடங்காதீர்கள். பதக்கத்திலும் தொடங்காதீர்கள். அவருடைய எட்டு இலக்கப் பட்டாள எண் எங்கே எழுதியிருக்கிறது என்று முதலில் தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும். அது இல்லாமல் வெறும் பெயரை வைத்துத் தேடினால், அதே பெயரில் ஐம்பது சிப்பாய்கள் வந்து நிற்பார்கள்.

நான் திருநெல்வேலிக்காரி, கென்ட்டில் வாழ்க்கைப்பட்டவள். என் மாமனார் 1952 முதல் 1954 வரை குயின்ஸ் ஓன் ராயல் வெஸ்ட் கென்ட் ரெஜிமென்ட்டில் சிப்பாயாக இருந்தவர். கட்டாய சேவையில் போனார், பதவி உயர்வு எதுவும் இல்லாமல் திரும்பி வந்தார், தச்சு வேலைக்குப் போய்விட்டார். அவர் காலமானபின் அவருடைய இரண்டு வருடத்தைத் தாளில் கொண்டுவந்தேன். அப்புறம் தெருவில் சில குடும்பங்களுக்கும் செய்து கொடுத்தேன். இங்கேயே சம்பந்தம் வைத்துக்கொண்ட நம் குடும்பங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. தாத்தாவின் பட்டாளத்தைப் பற்றிப் பேரன் பேத்தி கேட்டால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எண் இருக்கக்கூடிய இடங்களைச் சொல்கிறேன். ஏபி 64 என்று அட்டையில் அச்சடித்த சம்பளப் புத்தகம். சேவை முடிந்தபோது கொடுத்த சின்னச் சான்றிதழ் புத்தகம். கித்தான் மூட்டையின் மேல் பெயின்ட்டில் எழுதியது. பதக்கத்தின் விளிம்பு. ஆள் உயிரோடு இருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை, கேட்டால் போதும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதையே மறந்துவிட்ட காலத்திலும் என் மாமனார் அந்த எட்டு இலக்கத்தை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். ஐம்பதுகளில் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் 22 அல்லது 23 என்று தொடங்கும். 19 என்று தொடங்கினால் அநேகமாக நாற்பதுகளின் கடைசியில் போனவர்.

அடுத்தது, அவர் கட்டாய சேவையா, தானாகக் கையெழுத்துப் போட்டவரா என்று பாருங்கள். 1947 சட்டத்தின்படியான நேஷனல் சர்வீஸ் என்ற இந்தக் கட்டாய சேவை 1949 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பிய பையன்களுக்கு முதலில் 18 மாதம். கொரியப் போர் வந்ததும் 1950 அக்டோபரில் இரண்டு வருடமாக்கினார்கள். ஆள் எடுப்பது 1960 கடைசியோடு நின்றது. கடைசி ஆள் வீடு திரும்பியது 1963 மே மாதத்தில். வட அயர்லாந்துக்காரர்களை எடுக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களை விட்டுவிட்டார்கள். தொழில் பழகிக்கொண்டிருந்தவர்களுக்கும் மாணவர்களுக்கும் தள்ளிவைத்தார்கள், அதனால் 21, 22 வயதில் போனவர்களும் உண்டு. 1939 அக்டோபர் 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர் என்றால் அவரைக் கட்டாயமாக எடுத்திருக்க முடியாது, விரும்பித்தான் போயிருக்கிறார். மூன்று வருடம் இருந்திருந்தாலும் அநேகமாக அப்படித்தான். கட்டாயத்தில் போனவனுக்கு ஆரம்பத்தில் வாரம் 28 ஷில்லிங். மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் சம்பளம் கூட. எப்படியும் இரண்டு வருடம் போகத்தான் போகிறது, இன்னொரு வருடம் போனால் என்ன என்று கணக்குப் போட்டவர்கள் பலர்.

இப்போது ஒரு பெரிய தாளை எடுத்து இடது ஓரத்தில் மாதங்களை வரிசையாக எழுதுங்கள். தெரிந்த தேதிகளை அதில் குறியுங்கள்: மருத்துவப் பரிசோதனை, முகாமில் போய் நின்ற நாள் (பெரும்பாலும் வியாழக்கிழமை), பயிற்சி முடிந்தது, கப்பல் ஏறியது, இறங்கியது, வீடு வந்தது. நடுவில் காலியாக இருக்கும் மாதங்கள்தான் உங்கள் வேலை. பிள்ளைகள் எல்லாரும் நேராகப் போர்க்களத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடைவெளிகளில்தான் மனிதர் வாழ்ந்தார் என்பது என் கட்சி.

ஒரு தேதி மட்டும் ஆளைக் குழப்பும். சான்றிதழில் இறுதி விடுவிப்பு 1957 என்று இருக்கும், மாமியார் 1954லேயே கல்யாணம் ஆனது என்பார். இரண்டும் சரி. இரண்டு வருடம் முழுநேரம் முடிந்ததும் மூன்றரை வருடம் ரிசர்வில் வைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒரு முகாம், கூப்பிட்டால் வர வேண்டும். 1956இல் எகிப்தில் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினை வந்தபோது ரிசர்வில் இருந்த பலரைத் திரும்பக் கூப்பிடவும் செய்தார்கள். ஆகவே விடுவிப்புத் தேதியைப் பார்த்து அவர் ஐந்து வருடம் ராணுவத்தில் இருந்தார் என்று எழுதிவிட வேண்டாம்.

முதல் பத்து வாரப் பயிற்சிக்கு எந்த ஆவணமும் பெரிதாக உதவாது. ஆனால் அந்த வாரங்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் தைரியமாக எழுதலாம். பழுப்பு உறையில் அழைப்பு வரும். கூடவே ரயில் வாரன்ட், நான்கு ஷில்லிங்குக்கு ஒரு போஸ்டல் ஆர்டர். அது முதல் நாள் கூலி. போன அன்றே முடி வெட்டு, ஊசி, உடுப்பு. முதல் சில நாட்களுக்குள் போட்டுக்கொண்டு வந்த துணியைக் காகிதத்தில் கட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். அந்தப் பார்சலைப் பிரித்தபோது அழுதேன் என்று சொன்ன அம்மாக்கள் நிறைய பேர்.

அப்புறம் பளபளப்பு. பெல்ட்டுக்கும் பைகளுக்கும் பச்சை பிளாங்கோ பூச வேண்டும், பித்தளைக்கு பிராஸோ. புது பூட்ஸின் தோல் கரடுமுரடாக இருக்கும். ஸ்பூன் காம்பை மெழுகுவர்த்தியில் சூடுபண்ணி அந்த முடிச்சுகளைத் தேய்த்துச் சமமாக்கி, பாலிஷும் எச்சிலுமாக வட்டம் வட்டமாகத் தேய்த்தால்தான் முகம் தெரியும். கம்பளியை மடித்துப் பெட்டி மாதிரி சதுரமாக அடுக்க வேண்டும். ஒரு விரல் அளவு கோணினாலும் கார்ப்ரல் எல்லாவற்றையும் தரையில் தள்ளுவார், மறுபடி முதலிலிருந்து. என் மாமனார் சாகும்வரை தன் படுக்கையைத் தானே போட்டார், வேறு யாரையும் தொட விட மாட்டார்.

இவர்களோடு பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிலக்கரிக் குவியலுக்கு வெள்ளையடித்த கதை, ஆசையை அடக்கத் தேநீரில் புரோமைடு கலந்த கதை, இந்த இரண்டையும் எல்லா ரெஜிமென்ட்காரர்களும் சொல்வார்கள், எல்லார் முகாமிலும் நடந்ததாகச் சொல்வார்கள். கேளுங்கள், சிரியுங்கள், எழுதவும் செய்யுங்கள். ஆனால் அவர் சொன்ன கதை என்று எழுதுங்கள், நடந்த சம்பவம் என்று எழுதாதீர்கள். மாறாக, கார்ப்ரலின் பட்டப்பெயர், பக்கத்துக் கட்டில்காரனின் ஊர், நாஃபி கேன்டீனில் பன்னின் விலை போன்றவை வேறு யாரும் சொல்லாதவை. அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரபூர்வ சேவைக் கோப்புக்கு இப்போதே விண்ணப்பம் போட்டுவிடுங்கள், ஏனென்றால் அது மெதுவாகத்தான் வரும். நீண்ட காலம் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்த பழைய கோப்புகள் 2022 முதல் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. 1963 முடிவதற்குள் வெளியேறியவர்களின் கோப்புகள் அவை, மொத்தம் 97 லட்சம். உங்கள் ஆளின் கோப்பு இன்று எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். எண், முழுப்பெயர், பிறந்த தேதி, இறப்புச் சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும். உயிரோடு இருப்பவர் தன் கோப்பைத் தானே கேட்டுக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

கோப்பு வந்ததும் ஏமாந்துபோவீர்கள். வீரக்கதை எதுவும் இருக்காது, சுருக்கக் குறிகள் மட்டும்தான். பி103 (B103) என்ற படிவத்தை முதலில் எடுங்கள். டிஓஎஸ் (TOS) என்றால் அந்தப் பிரிவின் கணக்கில் சேர்த்தார்கள், எஸ்ஓஎஸ் என்றால் கணக்கிலிருந்து எடுத்தார்கள். பிஏஓஆர் (BAOR) ஜெர்மனியில் இருந்த படை. எம்ஈஎல்எஃப் மத்தியக் கிழக்கு. எஃப்ஏஆர்ஈஎல்எஃப் தூரகிழக்கு, அதாவது சிங்கப்பூர், மலாயா, ஹாங்காங் பக்கம். புல்ஹீம்ஸ் (PULHEEMS) என்று வரிசையாகச் சில எண்கள் வந்தால் அது உடல்தகுதி: கை, கால், காது, கண், மனநிலை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 1948இல் வந்த முறை அது. எங்கள் கோப்பில் ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதி ஒன்று இருந்தது. வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது. காலில் ஜங்கிள் புண். தேதித் தாளில் ஒரு காலி மாதம் நிரம்பியது.

பெரும்பாலானவர்கள் எந்தச் சண்டையையும் பார்த்ததில்லை. பலர் இங்கிலாந்திலேயே ஸ்டோரில் கணக்கு எழுதினார்கள். பலர் ஹார்விச்சிலிருந்து ஹாலந்து முனைக்குக் கப்பலில் போய், அங்கிருந்து ரயிலில் ஜெர்மனி போனார்கள். அவர்களுக்குப் பதக்கம் கிடையாது. பதக்கம் இல்லை என்பதால் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடாது. எதிர்ப்பக்கமும் உண்மை. மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை நடந்த காலத்துக்கு, 'மலாயா' என்று எழுதிய பட்டியை ரிப்பனில் போட்டுக் கொடுத்த ஜெனரல் சர்வீஸ் பதக்கத்துக்கு, அங்குள்ள ஒரு பிரிவின் கணக்கில் ஒரே ஒரு நாள் இருந்தாலே போதும். ஊதா ரிப்பனில் நடுவே பச்சைக்கோடு கண்டால் உடனே காட்டுச் சண்டை என்று எழுதிவிடாதீர்கள். சூயஸ் கால்வாய்ப் பகுதியில் 1951 முதல் 1954 வரை இருந்தவர்களுக்கோ 2003இல்தான் பட்டி கொடுக்க ஒத்துக்கொண்டார்கள், அதற்குள் பாதிப்பேர் கண்ணை மூடியிருப்பார்கள். மலேசிய அரசு பிற்பாடு கொடுத்த பிங்காட் ஜாசா பதக்கம் 1957 ஆகஸ்ட் சுதந்திரத்துக்குப் பிறகு இருந்தவர்களுக்குத்தான். அதற்கு முந்தைய ஆளின் டப்பாவில் அது கிடந்தால் யாருடையது என்று விசாரியுங்கள்.

போட்டோக்களை இப்போது எடுக்கலாம். தொப்பி வில்லையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், எந்த ரெஜிமென்ட் என்று அது சொல்லும். எங்களுடையதில் பின்னங்காலில் நிற்கும் கென்ட் குதிரை, கீழே இன்விக்டா என்ற சொல். கையில் துப்பாக்கி இருந்தால் அது தேதி சொல்லும். மலாயாக் காட்டில் ஐம்பதுகளின் ஆரம்பம் என்றால் குட்டையான ஐந்தாம் எண் ரைஃபிள் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பின் வந்த எஸ்எல்ஆர் ரைஃபிள் இருந்தால் ஐம்பதுகளின் கடைசிப் பகுதி.

கப்பல் பெயர் தெரிந்தால் ரொம்ப நல்லது. சவுத்ஹாம்ப்டன் அல்லது லிவர்பூலில் ஏறி, போர்ட் சைத், ஏடன், கொழும்பு வழியாகச் சிங்கப்பூருக்கு ஏறக்குறைய நான்கு வாரம். கொழும்பில் ஒரு நாள் கரையிறங்க விடுவது வழக்கம். என் மாமனார் முதன்முதலில் தமிழ் பேச்சைக் கேட்டது அங்கேதான் இருக்கும், பிறகு மலாயாவின் சிலாங்கூர் ரப்பர் தோட்டங்களில் நிறையக் கேட்டிருக்கிறார். நான் வீட்டுக்கு வந்த முதல் வாரம் "தண்ணி" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்றால், பால் வெட்டுகிறவர்கள் என்றார்.

தனி ஆளின் பெயர் எங்கும் வராது, பிரிவின் பெயர் வரும். ஆகவே தேதித் தாளை வைத்துக்கொண்டு அவருடைய பட்டாலியன் அந்த மாதத்தில் எங்கே இருந்தது என்று பாருங்கள். கியூ காப்பகத்தில் டபிள்யூஓ 281 என்ற கோப்பு வரிசை கொரியப் போர் நாட்குறிப்புகள், டபிள்யூஓ 268 தூரகிழக்கு, டபிள்யூஓ 267 ஜெர்மனி, டபிள்யூஓ 305 பிரிவுகளின் வரலாற்று அறிக்கைகள். படிக்கச் சலிப்பாக இருக்கும். ரோந்து போனது, ஒன்றும் கிடைக்கவில்லை, மழை, மறுபடி ரோந்து. ஆனால் அந்தச் சலிப்புதான் அவருடைய உண்மையான வாழ்க்கை. ரெஜிமென்ட் மாத இதழ்களில் கால்பந்து ஆட்டம், கிறிஸ்துமஸ் சாப்பாடு எல்லாம் வரும். ரெஜிமென்ட் இன்று அதே பெயரில் இருக்காது, பல இணைந்துவிட்டன. எங்களுடையது 1961இல் பஃப்ஸ் என்ற இன்னொரு கென்ட் ரெஜிமென்ட்டோடு சேர்ந்தது. அதன் அருங்காட்சியகப் பொருட்கள் மெய்ட்ஸ்டோனில் இருக்கின்றன.

மலாயாவுக்குப் போனவர் என்றால் தமிழ் படிக்கத் தெரிந்த நமக்கு ஒரு வசதி உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் ரெஜிமென்ட் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடுங்கள். அப்புறம் தமிழ் முரசை எடுங்கள். ஆங்கிலப் பத்திரிகையில் பட்டாளம் தோட்டத்தைக் காவல் காத்தது என்று வரும். அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வருடங்கள் எப்படி இருந்தன என்பது தமிழ் முரசில் தெரியும். ரேஷன் கட்டுப்பாடு, ஊரடங்கு, மக்களைக் குடிமாற்றி வைத்த, முள்கம்பி போட்ட புதுக் கிராமங்கள். என் மாமனார் இருந்த அதே வட சிலாங்கூரில்தான், அவர் போவதற்கு முன்பு, 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் வேறொரு பிரிட்டிஷ் படைப்பிரிவு ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றது. அவருக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் அவர் ரோந்து போன சாலைகளில் மக்கள் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது புரிய வேண்டுமானால் பேரப்பிள்ளைக்கு அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் சிலருக்கு நான் இதை எழுதியது பிடிக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சேவையில் இறந்தவர் என்றால் வழி வேறு, சுலபமும்கூட. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பணியில் இறந்தவர்களின் பெயர்கள் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஆல்ரவாஸ் பக்கத்திலுள்ள நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன, பட்டியல் இணையத்திலும் உண்டு.

ஆள் உயிரோடு இருந்தால் இந்தத் தாள் வேலையை எல்லாம் ஒத்திவைத்துவிட்டு முதலில் போய்ப் பேசுங்கள். கட்டாய சேவையில் போனவர்களில் இளையவர்களே 85ஐத் தாண்டிவிட்டார்கள். போரைப் பற்றிக் கேட்காதீர்கள், வாயே திறக்க மாட்டார். முதல் நாள் இரவு எந்தக் கட்டில், பக்கத்தில் யார், கால் அளவுக்கு பூட்ஸ் கிடைத்ததா, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள், 28 ஷில்லிங்கில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. போட்டோவில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லச் சொல்லி, பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் குறியுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் வரை ஊறும். பதக்கத்தைத் துலக்கக் கூடாது, விளிம்பில் உள்ள எண் தேய்ந்துவிடும். எழுதி முடித்ததும் ஒரு நகலை ரெஜிமென்ட் அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். ஆபீசர்களின் குறிப்புகள் அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன, சிப்பாய்களுடையது என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.