எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்ன குடிக்கலாம்? டர்பன் வீடுகளுக்கான செய்முறை விளக்கம்

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை திட உணவுக்குத்தான் தடை போடுகிறது. இனிப்பான திரவத்துக்கு அது தடையே இல்லை. பாதி ரொட்டியைக்கூட முடிக்க முடியாதவரால் சில வாரங்கள் கழித்து ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸை எளிதாகக் குடித்துவிட முடியும். வயிறு நிறைந்த உணர்வும் வராது, சர்க்கரை மட்டும் உள்ளே போய்விடும். அதனால் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிட டம்ளரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

என் அக்காவுக்கு பைபாஸ் முறையில் (இரைப்பையில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்துக் குடலோடு நேராக இணைப்பது) அறுவை சிகிச்சை நடந்த பிறகு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் அவர் வீட்டுச் சமையலறையை நான்தான் பார்த்துக்கொண்டேன். அங்கே கற்றதை, இப்போதுதான் வீடு திரும்பியிருப்பவர்களுக்காகவும் அவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். உங்கள் மருத்துவமனை கொடுத்த உணவுத் தாளும் இந்தப் பதிவும் எங்கேயாவது வேறுபட்டால் தாளில் உள்ளதையே பின்பற்றுங்கள். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய்போல் ஆக்கும் ஸ்லீவா, பைபாஸா, சர்க்கரை நோய் உண்டா, சிறுநீரகம் எப்படி என்பதையெல்லாம் பார்த்துத்தான் அதை எழுதியிருப்பார்கள்.

படி 1: சிறிய கோப்பையை எடுத்து வையுங்கள்

இருமல் மருந்து பாட்டிலோடு வரும் 30 மி.லி. பிளாஸ்டிக் கோப்பை போதும். பைபாஸ் செய்தவர்களுக்குப் புதிய இரைப்பைப் பை தொடக்கத்தில் ஏறத்தாழ அவ்வளவுதான் கொள்ளும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகக் கொள்ளும். ஆனால் உள்ளே வீக்கம் இருப்பதால் அவர்களும் மெதுவாகவே குடிக்க வேண்டும்.

கணக்கு இதுதான்: 15 நிமிடத்துக்கு 30 மி.லி. என்றால் ஒரு மணி நேரத்தில் 120 மி.லி. காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை விடாமல் உறிஞ்சினால் 1,680 மி.லி. ஆகிறது. பெரும்பாலான மருத்துவக் குழுக்கள் சொல்லும் இலக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். தாகம் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த அளவை எட்டவே முடியாது. முதல் நாட்களில் குடிப்பதையே ஒரு முழு நேர வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் ஓரிரு நாள் இலக்கை எட்டாவிட்டால் பதற வேண்டாம். நாளுக்கு நாள் ஏற வேண்டும் என்பதுதான் முக்கியம். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வியர்வையில் போவதை ஒரே மூச்சில் குடித்து ஈடுகட்ட அந்தச் சின்னப் பையில் இடமில்லை.

ஒரு வாய் எடுத்ததும் நெஞ்சுக்கு நடுவே இறுக்கம் தெரிந்தால் நிறுத்துங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், அது இறங்கிய பிறகு அடுத்த வாய். ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும். குளிர்ந்த தண்ணீர் பிடிக்காவிட்டால் வெதுவெதுப்பாகக் குடித்துப் பாருங்கள். அக்காவுக்குக் காலையில் வெந்நீர்தான் இறங்கியது.

படி 2: எந்த வாரத்தில் எது

முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம் மட்டும்: தண்ணீர், பால் சேர்க்காத மெல்லிய ரூயிபோஸ் (இந்த நாட்டுச் செடி ஒன்றின் இலைத் தேநீர்), நன்றாக வடிகட்டிய காய்கறி சூப்பு அல்லது கோழி சூப்பு, சர்க்கரை இல்லாத ஜெல்லி. ஜெல்லியில் ஒரு விஷயம் கவனியுங்கள். மருத்துவமனை ஜெல்லி பெரும்பாலும் ஜெலட்டின் கொண்டு செய்வது, அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. மாட்டிறைச்சி சாப்பிடாத வீடு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் அகர் அகர் கொண்டு செய்துகொள்ளலாம்.

அதன் பிறகு இரண்டாவது வாரம் வரை பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரத பானம். மூன்றாவது வாரத்தை ஒட்டி மசித்த உணவு வரும், பிறகு மென்மையான உணவு. ரசம் எப்போது என்று எல்லாரும் கேட்கிறார்கள். புளியும் மிளகாயும் நன்றாகக் குறைத்து, மிளகும் சீரகமும் தெரியும்படி வைத்து, வடிகட்டி, மருத்துவக் குழு சரி என்று சொன்ன பிறகு கொடுங்கள். டர்பன் காரம் சில மாதங்கள் காத்திருக்கட்டும்.

படி 3: புரத பானத்தைச் சரியாகக் கலக்குங்கள்

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை என்பது பொதுவான அளவு. அதைச் சாப்பிட்டு எட்ட முடியாத காலத்தில் குடித்துத்தான் எட்ட வேண்டும். புரதம் குறைந்தால் எடையோடு சேர்ந்து தசையும் கரைந்துவிடும், ஆறவேண்டிய தையலும் தாமதமாக ஆறும்.

பொடி வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு வேளைக்கு 20 கிராமுக்குக் குறையாத புரதம், 5 கிராமுக்கு மேல் போகாத சர்க்கரை. பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தில் ஐசோலேட் என்று போட்டிருப்பதில் பால் சர்க்கரை மிகவும் குறைவு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பும், பேதியாகும். அவர்களுக்கு இதுவே நல்லது. உடல் பெருக்க உதவும் என்று ஜிம்மில் இருப்பவர்களுக்காக விற்கும் பெரிய டப்பாக்கள் பலவற்றில் சர்க்கரையும் மாவுச்சத்தும் கொட்டிக் கிடக்கும். அவை நமக்கு ஆகாது.

தோலுக்கு நல்லது என்று இப்போது எல்லா மருந்துக் கடைகளிலும் கொலாஜன் பொடி விற்கிறார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். உடலுக்கு அவசியமான அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபான் அதில் இல்லை, அதனால் அது முழுமையான புரதம் ஆகாது. மேலும் அது பெரும்பாலும் மாட்டுத் தோலிலிருந்தோ மீனிலிருந்தோ எடுப்பது. வே என்பது பாலிலிருந்து வருவது, புரட்டாசி விரதத்தில் இறைச்சியை விட்டவர்களும் தயங்காமல் குடிக்கலாம். பாலையும் விட்டவர்களுக்கு சோயா புரதம் இருக்கிறது.

இனிக் கலக்கும் விதம். மூடி போட்ட ஷேக்கரில் முதலில் தண்ணீரை அல்லது கொழுப்பு நீக்கிய பாலை ஊற்றுங்கள், அதன் மேல் பொடியைப் போடுங்கள். பொடியை முதலில் போட்டால் அடியில் களிபோல் ஒட்டிக்கொள்ளும். குலுக்கிய உடனே கொடுக்காதீர்கள். மேலே வெள்ளையாக நிற்கும் நுரை முழுக்கக் காற்று, அது சின்ன வயிற்றில் போனால் ஏப்பமும் வலியும்தான். பத்து நிமிடம் மேசையில் வைத்தால் நுரை அடங்கும், மிச்சத்தைக் கரண்டியால் எடுத்துவிடலாம்.

இனிப்பு சலித்துப்போகும், அது நிச்சயம். அதற்கு சுவையூட்டாத பொடி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பருப்புத் தண்ணீரில் கலக்கலாம். துவரம் பருப்பை மஞ்சளும் ஒரு பல் பூண்டும் போட்டுக் குழைய வேகவைத்து, வடிகட்டி, உப்பைக் குறைவாகப் போடுங்கள். கொதிக்கும்போது பொடியைச் சேர்த்தால் முட்டை திரிவதுபோல் திரிந்துவிடும். விரல் வைத்துப் பார்த்தால் சுடாத பதத்துக்கு ஆறிய பிறகு, பொடியைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலை ஊற்றிக் கிளறுங்கள்.

புரதப் பொடி விலை அதிகம். கை கடித்தால் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் உதவும். 250 மி.லி. கொழுப்பு நீக்கிய பாலில் ஏறத்தாழ 8 கிராம் புரதம் இருக்கும். அதில் இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரைக் கரைத்தால் இன்னும் 5 கிராம் போலக் கூடும். பால் ஒத்துக்கொள்பவர்களுக்கு மட்டும்தான் இது.

படி 4: மாஸை மோராக்குங்கள்

இந்த நாட்டில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி மாஸ். சூலு மக்கள் அமாசி என்று சொல்லும் இந்தப் புளித்த பால் எந்தக் கடையிலும் கிடைக்கும். 100 மி.லி.யில் 3 கிராம் போலப் புரதம் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் புளித்த பால் ஒத்துக்கொள்ளும். சுவையூட்டியவற்றில் சர்க்கரை இருக்கும் என்பதால் சாதா மாஸையே வாங்குங்கள். ஒரு பங்கு மாஸுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் கடைந்து, ஒரு சிட்டிகை உப்பும் வறுத்துப் பொடித்த சீரகமும் போட்டு வடிகட்டினால் மோர் தயார். இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி வேண்டுமானால் தட்டிப் போட்டு ஊறவைத்து, பிறகு வடிகட்டுங்கள். திப்பி வயிற்றுக்குள் போகக் கூடாத வாரங்கள் இவை.

படி 5: லேபிளில் ஒரே ஒரு வரி

பாட்டிலின் முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் படிக்க வேண்டாம். பின்பக்கத்தில் 100 மி.லி.க்கு மொத்த சர்க்கரை எத்தனை கிராம் என்ற வரியைத் தேடுங்கள். சுமார் 4 கிராம் என்பது ஒரு தேக்கரண்டி. சர்க்கரை குறைக்காத கோலாவில் 100 மி.லி.க்கு 10 கிராமை ஒட்டி இருக்கும், 300 மி.லி. பாட்டில் என்றால் ஏழு தேக்கரண்டிக்கு மேல்.

தென்னாப்பிரிக்காவில் 2018 ஏப்ரல் முதல் இனிப்பு பானங்களுக்கு சர்க்கரை வரி உண்டு. 100 மி.லி.க்கு 4 கிராமைத் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும் வரி. ஆனால் நூறு சதவீதப் பழச்சாறு அந்த வரிக்குள் வரவில்லை. வரி இல்லாததால் அதில் சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது. ஆப்பிள் ஜூஸிலும் திராட்சை ஜூஸிலும் கோலா அளவுக்கு, சில சமயம் கூடுதலாகவே இருக்கும். ஆரஞ்சு ஸ்குவாஷ், இஞ்சி பீர், கரும்புச் சாறு, சர்க்கரை போட்ட மகேயு (புளிக்கவைத்த மக்காச்சோளப் பானம்) எல்லாவற்றிலும் லேபிளைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பைபாஸ் செய்தவர்களுக்கு இது எடைக் கணக்கோடு நிற்பதில்லை. செறிந்த சர்க்கரை குடலுக்குள் வேகமாக இறங்கும்போது பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி வரலாம். இதை டம்பிங் என்பார்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்த சர்க்கரை சட்டென்று இறங்கித் தலைசுற்றுவதும் உண்டு. ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம்.

சர்க்கரை இல்லை என்று போட்ட சோடா பானங்களும் வேண்டாம். அவற்றிலுள்ள வாயு உப்பிவந்து வலிக்கும். சர்பிடால், மால்டிடால், சைலிடால் என்ற இனிப்பூட்டிகள் கலந்தவை பேதியாக்கலாம்.

படி 6: சாப்பாட்டையும் தண்ணீரையும் பிரியுங்கள்

திட உணவு தொடங்கியதும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு குடிப்பதை நிறுத்துங்கள், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். நடுவில் குடித்தால் உணவு அடித்துச் செல்லப்படும், சீக்கிரம் பசிக்கும், சிலருக்கு வாந்தியும் வரும். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் குவளையே வைக்காதீர்கள்.

படி 7: தேநீரும் மாத்திரைகளும்

முதல் மாதம் காபி, சாதாரணத் தேநீர் இரண்டையும் விட்டுவிடுவது நல்லது. செடர்பெர்க் மலைப் பகுதியில் விளையும் ரூயிபோஸில் கஃபீன் கிடையாது, டானின் மிகக் குறைவு. தேநீர் ஏக்கத்துக்கு ஏலக்காயும் இஞ்சியும் தட்டிப் போட்டு, அனுமதி வந்த பிறகு கொஞ்சம் பாலும் சேர்த்துக் கொடுத்தால் மாலை நேரம் இனிமையாகக் கழியும். கண்டென்ஸ்டு மில்க் மட்டும் வேண்டாம், அதில் பாதிக்குக் குறையாமல் சர்க்கரைதான்.

இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

கோயில் நாட்கள், விசேஷ நாட்கள்

ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழை மறுக்க யாருக்கும் மனம் வராது. மக்காச்சோள மாவும் மாஸும் சேர்ந்த கூழ் மசித்த உணவுக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பல இடங்களில் சர்க்கரை சேர்ப்பார்கள். சர்க்கரை சேர்க்கும் முன்பே இரண்டு கரண்டி தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோயிலில் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காவடி வேறு. தைப்பூசம் வருவது ஜனவரி, பிப்ரவரி வெயிலில். விரதம் இருந்து, வெறும் வயிற்றோடு, வெறும் காலோடு ஊர்வலம் போகும் உடல் ஒரு மணி நேரத்தில் இழக்கும் நீரை 30 மி.லி. வாயாகக் குடித்து நிரப்பவே முடியாது. முதல் ஆண்டு காவடி எடுக்காதீர்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும், நீங்கள் நிழலில் நின்று அரோகரா சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் எந்த விரதத்துக்கும் முன்பு மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும்.

மது விஷயத்தில் நான் கண்டிப்பானவள். இந்த அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு, குறிப்பாக பைபாஸுக்குப் பிறகு, மது ரத்தத்தில் வேகமாகவும் அதிகமாகவும் ஏறுகிறது. முன்பு நிதானமாக வண்டி ஓட்டி வந்த அதே ஒரு கிளாஸில் இப்போது போதை தலைக்கேறும். இரண்டாவது ஆண்டில் மது அடிமைத்தனம் கூடுவதும் ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. குறைந்தது ஓராண்டு தொடாதீர்கள். கல்யாண வீட்டில் வற்புறுத்துபவர்களிடம் மருத்துவர் தடுத்திருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள், அது உண்மையும்கூட.

எப்போது போன் செய்ய வேண்டும்

சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகவோ மிகக் குறைவாகவோ போவது, வாய் காய்வது, எழுந்தால் கண் இருட்டுவது எல்லாம் நீர்ச்சத்து குறைவதன் அறிகுறிகள். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி தொடர்ந்தால் அடுத்த நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நீர் குறைவதோடு வைட்டமின் பி1 தீர்ந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கலாம். காய்ச்சல், அதிகமாகிக்கொண்டே போகும் வயிற்று வலி, தோள்பட்டை வலி, ஓய்வில் இருக்கும்போதே இதயம் வேகமாக அடிப்பது ஆகியவை தையல் கசிவைக் காட்டக்கூடும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது அன்று காலையிலிருந்து என்ன குடித்தார், எவ்வளவு தங்கியது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவசரப் பிரிவில் முதலில் கேட்பது அதைத்தான்.