ஈர வெயிலில் வடகம் போடுவது எப்படி? பீடோங் வீட்டு ஒரு வாரக் கணக்கு

இரண்டு வருடம் கெடுத்த பிறகு மூன்றாவது வருடம்தான் எனக்கு வடகம் கைவந்தது. முதல் வருடம் இரவோடு இரவாகப் புளித்துப்போனது. இரண்டாம் வருடம் நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நம்பி டின்னில் போட்டு மூடினேன். மூன்றே வாரத்தில் பச்சைப் பூசணம். போன மார்ச்சில் போட்டதைத் தீபாவளிக்குப் பிறகும் பொரித்துச் சாப்பிட்டோம்.

கூழ் கிண்டுவதில் நான் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை. காய வைப்பதில்தான் கோட்டை விட்டேன். யூடியூபில் பார்த்த செய்முறை எல்லாமே தமிழ்நாட்டு மொட்டை மாடிக்கானது. "இரண்டு நாள் வெயிலில் வையுங்கள், கலகலவென்று காய்ந்துவிடும்" என்பார்கள். இங்கே, மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில், மொட்டை மாடி கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தாலும் காற்று நனைந்தே இருக்கும். அம்மா இதை ஈர வெயில் என்பார். "நம்ம ஊரு வெயிலு சுடும், ஆனா உறிஞ்சாது." அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை என்ற காலம் அது. வானத்தை அவர் பார்ப்பது போல எனக்கு இன்னும் பார்க்கத் தெரியாது.

எப்போது போடுவது

கெடாவில் பிப்ரவரி தொடங்கி மார்ச் பாதி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்கிற இந்த நேரம்தான் கெடாவுக்கும் பெர்லிஸுக்கும் வறட்சியான காலம். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் பதிவான 40.1 டிகிரிதான் நாட்டின் உச்ச வெப்பம் என்பதால், ஏப்ரல்தான் வடகத்துக்கு நல்லது என்று நானும் நினைத்திருந்தேன். ஏப்ரலில் சூடு இருக்கும். கூடவே பிற்பகல் இடிமழையும் வந்துவிடும். வடகத்துக்குச் சூட்டைவிட மழை இல்லாத பிற்பகல்கள்தான் முக்கியம்.

கெடாவில் நமக்கு வார விடுமுறை வெள்ளி, சனி. அதனால் வியாழன் இரவு அரிசியை ஊறப் போடுங்கள். முதல் இரண்டு நாளும் வீட்டில் ஆள் இருக்கும். சனி, ஞாயிறு விடுமுறை உள்ள கிள்ளான், ஈப்போ பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். தொடங்குமுன் மைகுவாச்சா செயலியில் அடுத்த நான்கு நாள் வானிலையைப் பாருங்கள்.

வேண்டியவை

பச்சரிசி 2 கப் (என் கப்பில் 400 கிராம். எடையைக் குறித்து வையுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது). தண்ணீர் மொத்தம் 10 கப். சிலி பாடி (சின்னக் கார மிளகாய்) 8, சீரகம் ஒரு டீஸ்பூன், பெருங்காயம், ஒரு பெரிய எலுமிச்சை, தூள் உப்பு ஒன்றரை டீஸ்பூன்.

அரிசி கடையில் கிடைக்கும் சாதாரண உள்ளூர் வெள்ளை அரிசியே போதும். வாசனை அரிசி வேண்டாம், பிசுபிசுக்கும். சாகோ கலந்தால் கூழ் இழுவையாகும், முதல் தடவை அதுவும் வேண்டாம்.

உப்பு குறைவாகத் தெரியும். கூழை நாக்கில் வைத்தால் சப்பென்றுதான் இருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும். அதில் இருக்கும் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் போய்விடும், உப்பு மட்டும் தங்கிவிடும். கூழிலேயே உப்பு சரியாக இருந்தால் பொரித்த வடகத்தை வாயில் வைக்க முடியாது.

வெள்ளி காலை: கூழ்

ஊறிய அரிசியை 3 கப் தண்ணீர் விட்டு மைய அரைக்கவும். மீதி 7 கப்பைக் கனமான சட்டியில் உப்பு, சீரகம், பெருங்காயம், அரைத்த மிளகாயோடு கொதிக்க வைத்து, தீயைக் குறைத்து, ஒரு கையால் மாவை ஊற்றிக்கொண்டே மறு கையால் கிண்டவும். மரக் கரண்டிதான் நல்லது. பதினைந்திலிருந்து இருபது நிமிடம் விடாமல் கிண்டவேண்டும்.

மாவின் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல மினுங்கவேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது. வேகாத கூழில் போட்ட வடகம் காயும்போதே விரிசல் விட்டுத் தூளாகும், எண்ணெயில் போட்டாலும் பூக்காது. நன்றாக வெந்த மாவுதான் காய்ந்து இறுகும்போது துளி ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். சூடான எண்ணெயில் அந்த ஈரம் ஆவியாகித் தள்ளுவதால்தான் வடகம் பொரிந்து பெரிதாகிறது.

எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள். புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் கூழ் நீர்த்துவிடும்.

ஊற்றுவது

பிளாஸ்டிக் விரிப்பா, துணியா? துணிதான். பிளாஸ்டிக்கில் அடிப்பக்கம் வியர்த்து நிற்கும். பழைய வெள்ளை வேட்டி ஒன்றை நனைத்துப் பிழிந்து விரியுங்கள். தரையில் வேண்டாம். துணி காயப் போடும் மடக்கு ஸ்டாண்டை விரித்து, அதன் மேல் வேட்டியைப் போட்டு ஓரங்களில் கிளிப் மாட்டினால் அடியிலும் காற்று ஓடும். எறும்பும் ஏறாது, நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துவிட்டால்.

அளவுக்குக் குவேதியாவ் சூப் குடிக்கும் பீங்கான் கரண்டிதான் என் கைக்குப் பிடித்தது. ஒரு கரண்டி ஊற்றி அதன் அடியாலேயே லேசாகத் தேய்த்துப் பரப்பினால் எல்லாம் ஒரே கனத்தில் வரும். நடுவில் குவிந்திருந்தால் அந்த இடம் காயவே காயாது. இரண்டாம் வருடத்துப் பூசணத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

காலை எட்டரைக்குள் ஊற்றி முடிக்கவேண்டும். பழைய கொசுவலையை மேலே போர்த்துங்கள். சிறிய தட்டுக்குத் துடுங் சாஜி (சாப்பாட்டை மூடும் கூடை) போதும். இவை ஈக்கும் மைனாவுக்கும்தான். செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் குரங்குக்கு வலை ஒரு பொருட்டே இல்லை, ஆள்தான் உட்காரவேண்டும். எங்கள் வீட்டில் மகளுக்கு எட்டரையிலிருந்து பதினொன்று. நிழலில் நாற்காலி, கையில் துடைப்பம், மடியில் கதைப் புத்தகம். அதற்குப் பிறகு என் முறை. தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டாலே வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடும். அப்படிப்பட்ட நாளில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் உச்சி வெயிலில் நிறுத்தாதீர்கள். அம்மா சன்னலுக்கு உள்ளே இருந்தபடியே காவல் பார்ப்பார். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தபோது எந்த வீட்டு வடகம் என்றாலும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் காவல் இருப்பார்களாம். குளியலறைத் தகரக் கூரை மேல்தான் காய வைப்பார்களாம்.

வெள்ளி மாலை: நான் தோற்ற இடம்

முதல் வருடம் நான்கு மணிக்கு மழை வந்தது. வேட்டியை அப்படியே சுருட்டி பேசினுக்குள் வைத்தேன். காலையில் விரித்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டி, புளித்த வாடை. அத்தனையும் குப்பைக்குப் போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பேசினைக் கழுவி வைத்தார்.

அதன் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதி: மழை வந்தாலும் வராவிட்டாலும் இரண்டரை மணிக்குள் உள்ளே. அம்மா பன்னிரண்டு மணிக்கே ஜெராய் மலையைப் பார்ப்பார். உச்சி தெரிந்தால் பொறுப்போம். மேகம் இறங்கி மலையின் தோள் மறைந்தால், "தூக்குடி, சாப்பாடு அப்புறம்" என்பார். ஸ்டாண்டோடு அப்படியே இரண்டு பேர் தூக்கிக் கூடத்துக்குள் வைத்துவிடலாம். ஸ்டாண்டு வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

உள்ளே வந்ததும் சும்மா விடக்கூடாது. மேசை விசிறியைத் தரையில் வைத்து, துணியின் அடிப்பக்கம் காற்று படும்படி சாய்த்து, இரவு முழுக்க ஓடவிடுங்கள். சன்னலைச் சாத்திவிடுங்கள், இரவுக் காற்றில் ஈரம் அதிகம். வெளியே விட்டுவைத்தால் பகலில் காய்ந்ததை ராத்திரி திரும்பக் குடித்துவிடும். சமையலறையிலும் வேண்டாம், சோற்றுக் கஞ்சி ஆவி போதும் கெடுப்பதற்கு.

சனி காலை: உரிப்பது

ஓரம் தூக்கிக்கொண்டிருக்கும், நடு ஒட்டியிருக்கும். துணியைக் கவிழ்த்து, பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, இரண்டு நிமிடம் விட்டு உரித்தால் கிழியாமல் வரும். இதைக் காலையிலேயே செய்யுங்கள். ஒரு தடவை பகலெல்லாம் வேறு வேலை இருந்து சாயங்காலம் உரித்தேன். தண்ணீர் பட்ட அடிப்பக்கம் இரவெல்லாம் நனைந்தே கிடந்தது. உரித்த பிறகு ஒரு முழு வெயில் கையில் இருக்கவேண்டும்.

உரித்ததை டூலாங் எனும் அகலத் தட்டுகளில், அடிப்பக்கம் மேலே பார்க்க, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். மதியம் ஒரு முறை திருப்புங்கள். இரண்டரைக்கு உள்ளே, விசிறி. ஞாயிறு, திங்கள் இதேதான். மகள் பள்ளிக்குப் போய்விடுவாள், தட்டுகள் இலகுவாகிவிடும், அம்மாவே பார்த்துக்கொள்வார்.

இந்த வாரத்திலேயே மோர் மிளகாயும் போட்டுவிடலாம். மிளகாயைக் கீறி உப்புப் போட்ட கெட்டி மோரில் ஊறவைத்து, பகலில் வெயில், இரவில் திரும்ப அதே மோர். மோர் வற்றியதும் வெறும் வெயில். இரவில் மோர்ச் சட்டியைக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். வேறு நுட்பம் ஒன்றும் இல்லை.

காய்ந்ததா? தொட்டுப் பார்த்து நம்பாதீர்கள்

இரண்டாம் வருடம் திங்கள் மாலை தொட்டேன், கல் போல இருந்தது. ஒடித்தால் 'டக்' என்றது. டின்னில் போட்டேன், பூசணம் வந்தது. மேல்தோல் முதலில் இறுகிவிடுகிறது, நடுவில் இருக்கும் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் மாட்டிக்கொள்கிறது. டின்னுக்குள் போன பிறகு அது மெல்ல மெல்லப் பரவுகிறது.

இப்போது இரண்டு சோதனை செய்கிறேன். ஒன்று தராசு. 400 கிராம் அரிசி போட்டால் காய்ந்த வடகமும் ஏறக்குறைய 400 கிராம்தான் வரவேண்டும். சட்டியில் ஒட்டியது போகக் கொஞ்சம் குறையலாம். 450க்கு மேல் காட்டினால் அந்த மிச்சம் எல்லாம் தண்ணீர். திரும்ப வெயில்.

மற்றது ஜாடி. வடகம் முழுக்க ஆறிய பிறகு மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் முக்கால் வரை போட்டு இறுக மூடி ஒரு இரவு வையுங்கள். காலையில் கண்ணாடியில் பனி படிந்திருந்தாலோ, நேற்று ஒடிந்த வடகம் இன்று வளைந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. போன வருடம் செவ்வாய் காலை லேசாக வளைந்தது. இன்னொரு நாள் வெயில் கொடுத்து, புதன் இரவு மறுபடி ஜாடியில் வைத்தேன். வியாழன் காலை கண்ணாடி தெளிவாக இருந்தது. அதன் பிறகுதான் பிஸ்கட் டின். சூட்டோடு டின்னில் போடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அரை நாள் வெயில் காட்டுங்கள்.

பூசணம் வந்ததைத் துடைத்துவிட்டுப் பொரிக்கலாமா என்று ஒரு வாசகி கேட்டார். வேண்டாம் அம்மா, மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். சில பூசணத்தின் நஞ்சு எண்ணெய்ச் சூட்டிலும் அழியாது.

பிறகு சேர்த்தது

உரித்த அன்றே மழை பிடித்து இரண்டு நாள் வெயிலே இல்லை என்றால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் எங்களுக்கும் அது நடந்தது. என் கணவர் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் ஏர்கோன் போட்டுத் தூங்குவார். அந்த அறையில் அலமாரி மேல் தட்டுகளை வைத்தேன். ஏர்கோன் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வெளியே விடுவதால், வெயில் அளவுக்கு இல்லாவிட்டாலும் வடகம் கெடாமல் நின்றது. மூன்றாம் நாள் வெயில் வந்ததும் வெளியே எடுத்தோம்.

அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒருவர் கேக் சுடும் 'அவன்' அடுப்பில் 60 டிகிரியில், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, விசிறியை ஓடவிட்டுக் காய வைத்ததாக எழுதியிருந்தார். நானும் ஒரு தட்டு வைத்துப் பார்த்தேன், வேலை செய்கிறது. கதவை மூடிவிட்டால் உள்ளேயே வியர்க்கும். 60க்கு மேல் கூட்டினால் மேல்தோல் சீக்கிரம் இறுகி, மறுபடி அதே நடு ஈரம்தான். 'அவன்' அடுப்பில் காய்ந்ததற்கும் ஜாடிச் சோதனை உண்டு. எனக்கு அது இரண்டு இரவு எடுத்தது.