டி.ஏ.பி. மூட்டையைப் பிரிக்கும் முன் ஒரு கணக்கு

யூரியா போட்டால் சில நாளில் பயிர் பச்சை கட்டும். அடுத்த போகத்துக்கு அதில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) அப்படியே நினைத்து, அது நிறைந்த டி.ஏ.பி. உரத்தைப் போகத்துக்குப் போகம் கொட்டுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. யூரியாவில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகும், நீரோடு இறங்கும். மணிச்சத்து அப்படிப் போகாது. போட்டதில் ஐந்தில் ஒரு பங்கு போல முதல் பயிர் எடுக்கும். மிச்சம் செம்மண்ணில் இரும்போடும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடும் ஒட்டிக்கொண்டு வயலிலேயே கிடக்கும். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் 1901-ல் உரம் நிறுத்திய நிலத்தில், பல பத்தாண்டுகள் கழித்தும் பழைய மணிச்சத்து விளைச்சலைக் கூட்டியது. நெல் வயலில் நீர் கட்டினால் இரும்பின் பிடி தளர்ந்து, இந்தப் பழைய இருப்பில் கொஞ்சம் பயிருக்கும் வரும்.

கணக்கு இதுதான். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து. ஒரு டன் நெல், வைக்கோலோடு சேர்த்து எடுத்துப்போவது சுமார் 6 கிலோ. ஏக்கருக்கு இரண்டரை டன் விளைந்தால் 15 கிலோ. ஒரு மூட்டை போட்டாலே மீதி நிற்கிறது, சிலர் இரண்டு போடுகிறார்கள். கோழி எருவும் அடித்திருந்தால் அதிலுள்ள மணிச்சத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். அதைப் பெரும்பாலும் யாரும் சேர்ப்பதில்லை.

மண்ணில் மணிச்சத்து குவிந்தால் பயிருக்குத் துத்தநாகம் (ஜிங்க்) கிடைப்பது தடைபடும். நெல்லின் இளம் இலை அடியில் வெளுத்து, கீழ் இலைகளில் துருப் புள்ளி விழும். இதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பது அடுத்த தவறு. இந்தக் குறைக்குப் போடும் ஜிங்க் சல்பேட்டை டி.ஏ.பி.யோடு கலந்து போடவும் கூடாது. ஏக்கருக்கு 10 கிலோவை மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள்.

மக்காச்சோளம், வெங்காயம் மாதிரி புன்செய்ப் பயிர்களில் இழப்பு இன்னும் ஆழமானது. அங்கே வேரோடு வாழும் பூசணம், வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து தரும். கூலியாகச் செடி அதற்குச் சர்க்கரை தரும். உரத்திலேயே மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி அந்தக் கூலியைக் குறைத்துவிடும், பூசணமும் மெலியும். காலங்காலமாக மண்ணில் நடந்துவரும் இந்தக் கொடுக்கல் வாங்கலை நாமே காசு கொடுத்துக் கெடுக்கலாமா?

அப்புறம், டி.ஏ.பி.யை மேலுரமாகத் தூவாதீர்கள். மணிச்சத்து மண்ணில் நகராது, அடியுரமாகத்தான் வேருக்குப் பக்கத்தில் கிடைக்கும். மேலே கிடப்பது மழையில் வாய்க்காலுக்குப் போய்ப் பாசியை வளர்க்கும்.

மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து எக்டருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அது 'அதிகம்'. அந்த வயலுக்கு இந்தப் போகம் டி.ஏ.பி.யைக் குறைத்துவிட்டு, மண்ணில் ஒட்டிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியா போடுங்கள்.