கம்ப்ரஷன் குறைந்த எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்

கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும்போது உண்டாகும் அழுத்தத்தை) அளக்கும் கேஜ் குறைந்த அளவைக் காட்டியது என்பதற்காக மட்டும் எஞ்சினைப் பிரித்துவிடக் கூடாது. காற்று எந்த வழியாகக் கசிகிறது என்பது தெரிந்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினைச் சோதிக்கும்போது, அதை வழக்கமான சூட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டரியில் முழு சார்ஜ் இருப்பதை உறுதிசெய்து, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். பிறகு பிளக் துளையில் கேஜைப் பொருத்தி, த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) முழுவதும் திறந்திருக்க, முள் மேலும் ஏறாமல் நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தால் நல்ல எஞ்சின்கூடப் பழுதானதுபோல் தோன்றும். பல எஞ்சின்களில் 125 முதல் 180 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை வரும். ஆனால் அந்த எஞ்சினுக்குரிய கையேடு சொல்லும் அளவே முடிவானது. சிலிண்டர்களில் கிடைத்த மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவின் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பழுது இருப்பதாகக் கொள்ளலாம்.

அளவு குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் சோதிக்க வேண்டும். அந்த ஆயில், பிஸ்டனில் மாட்டியுள்ள ரிங்குகளைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சற்று நேரம் அடைத்துக்கொள்வதால், அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையிலுள்ள கேஸ்கெட் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். எல்லாச் சிலிண்டர்களும் ஒரே அளவில் குறைந்து, ஆயிலுக்கும் ஏறாவிட்டால், டைமிங் பெல்ட் (வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடச் செய்யும் பட்டை) பல் தாண்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினில் இந்த ஆயில் சோதனையைச் செய்யவே கூடாது. பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் மிகச் சிறியது, ஆயிலும் அமுங்காது; அதனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும்.

சந்தேகம் தீராவிட்டால், பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்திக் கேட்க வேண்டும். சைலன்சரில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வும், காற்று வடிகட்டியின் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வும், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்கும் கசிகின்றன. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது ஹெட்டில் விரிசல் இருக்கலாம்.

கசிவு வால்வில் என்றால் முதலில் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். ரிங் என்றால் போரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். வரம்புக்குள் இருந்தால் ஹோனிங் (உட்சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்குதல்) செய்து புது ரிங் போடலாம். நீள்வட்டமாகத் தேய்ந்த போரில் புது ரிங் போடுவது வீண் செலவு, அதற்கு ரீபோரும் (போரைக் கடைந்து பெரிதாக்குதல்) அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனுமே வழி. அவ்வளவு தூரம் பிரித்த பிறகு கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங்குகளையும் அளக்காமல் மூடக் கூடாது. கம்ப்ரஷன் அளவுகள் சற்றே குறைந்து, ஆனால் எல்லாச் சிலிண்டர்களிலும் சீராக இருந்து, ஆயிலும் குறையாமல், வண்டி எளிதாக ஸ்டார்ட் ஆகிறது என்றால், அளவுகளைக் குறித்துவைத்துக்கொண்டு தொடர்ந்து ஓட்டி, சில மாதங்கள் கழித்து மீண்டும் சோதிப்பதே சரி.