பூஸ்ட் ஏறினால் டிப்ஸ்டிக் எழும்புகிறதா?
என் டர்போ பெட்ரோல் காரை வேகமாக ஓட்டிவிட்டு பானெட்டைத் திறந்தால், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் அரை விரல் உயரம் எழும்பி நிற்கும், சுற்றிலும் ஆயில் ஈரம். வால்வு கவர் கேஸ்கெட்டிலும் கசிவு. "ரிங் போயிடுச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்" என்றார் மெக்கானிக். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரிங் (பிஸ்டனைச் சுற்றி, வாயு கீழே கசியாமல் தடுக்கும் வளையம்) அவ்வளவு தேய்ந்திருந்தால் ஐடிலிங்கிலேயே ஆயில் மூடி வழியாகப் புகை குபுகுபுவென வரும். இங்கேயோ மூடியைத் தளர்த்தினால் லேசாக உள்ளே இழுத்தது. கம்ப்ரஷனும் (பிஸ்டன் அழுத்தும்போது ஏறும் அழுத்தம்) எல்லா சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது.

டிப்ஸ்டிக் குழாயில் ஒரு ட்யூப் மாட்டி, குறைந்த அழுத்தம் காட்டும் கேஜை காருக்குள் கொண்டுவந்தேன். (டயர் கேஜ் உதவாது, இங்கே ஒரு பிஎஸ்ஐயே அதிகம்.) ஆக்ஸிலரேட்டரை அழுத்தி பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறியதும் முள் துள்ளியது, காலை எடுத்ததும் இறங்கியது.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு மேல்தான் சந்தேகம். ஐடிலிங்கில், சிலிண்டர்களுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடம், கிராங்க்கேஸ் (ஆயில் சம்ப் உள்ள எஞ்சின் அடிப்பகுதி) வாயுவை இழுத்துக்கொள்ளும். பூஸ்டில் அதே மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுவதால் அந்த வழி அடைபட வேண்டும். வாயு வேறு ஹோஸ் வழியாக டர்போ காற்றை இழுக்கும் முன்பக்கம் போகும். அடைக்கும் வேலை, ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் இந்தப் பிசிவி வால்வுடையது. கழற்றி ஊதினேன், இரண்டு பக்கமும் காற்று தாராளமாகப் போனது. டர்போ அழுத்திய காற்று நேராக ஆயில் சம்ப்புக்குள் இறங்கியிருக்கிறது!

புது வால்வு, புது கேஸ்கெட். டர்போவுக்குப் போகும் ஹோஸில் படிந்திருந்த கறுப்புப் பசையையும் கழுவினேன். இப்போது பூஸ்டிலும் முள் பூஜ்ஜியத்துக்குக் கீழேதான்.