டிராவல் பேஸ்பாலுக்குப் பணம் கட்டும் முன்

அமெரிக்கா வந்து பள்ளியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பிள்ளை பேஸ்பால் ஆடணும் என்று கேட்கும். தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் எடுத்த எடுப்பிலேயே டிராவல் டீம், அதாவது ஆள் தேர்ந்தெடுத்து வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் கிளப் டீம், வேண்டாம். முதலில் ஊர் லீக்கில் ஆடட்டும்.

லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பு 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கியது. இன்றும் அதன் கீழ் வரும் ஊர் லீக்குகளைப் பெரும்பாலும் பெற்றோர்களே சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். மைதான வேலியில் தொங்கும் பல் மருத்துவர், பீட்சா கடை பேனர்கள்தான் ஸ்பான்சர் பணம். கட்டணம் கட்ட முடியவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் ஒதுக்கக் கூடாது என்பது அங்கே விதி. வேலை போயிருக்கும் நேரமென்றால் கூச்சப்படாமல் சலுகை கேளுங்கள்.

டிராவல் கிளப்பின் கணக்கு வேறு. ஒரே வயதுப் பிரிவிலேயே இரண்டு மூன்று டீம் வைத்திருப்பார்கள். மேல் டீமுக்கு 'நேஷனல்', 'எலைட்' என்று பெயர், மற்றவற்றுக்குச் சிவப்பு, நீலம், கறுப்பு என்று நிறம். சட்டையில் எல்லாருக்கும் ஒரே கிளப் பெயர்தான். ஆனால் மேல் டீமுக்குச் சம்பளம் வாங்கும் கோச், தூரத்துப் போட்டிகள், சில இடங்களில் ஸ்பான்சர் பணமும் கிடைக்கும். கீழ் டீமை யாரோ ஒரு பையனின் அப்பாவே பார்த்துக்கொள்வார். கட்டணத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் இருக்காது. எல்லா டீம் பணத்தையும் ஒரே உண்டியலில் போடும் கிளப்பில், கீழ் டீம் பெற்றோர் கட்டும் பணம் மேல் டீமின் செலவுக்குப் போக வாய்ப்பு உண்டு. இதைத்தான் நம் ஆட்கள் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். பெரிய கிளப் பெயரைப் பார்த்து மயங்காமல், உங்கள் பிள்ளை எந்த டீம், கோச் யார், அந்த டீமுக்கென்று தனி பட்ஜெட் உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கிளப்பை நான் நம்ப மாட்டேன்.

டிராவல் டீமுக்கு ஆள் எடுக்கும் டிரையவுட் பெரும்பாலும் ஆகஸ்டு வாக்கில் நடக்கும். இடம் கிடைத்த கையோடு டெபாசிட் கேட்பார்கள், பல இடங்களில் அது திரும்பி வராது. வருடக் கட்டணம் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் வரை போகும். போட்டி நுழைவு, இன்சூரன்ஸ், குளிர்காலத்தில் உள்ளரங்கு வாடகை, சீருடை எல்லாம் பொதுவாக அதில் அடக்கம். மட்டை, பெட்ரோல், ஓட்டல், வாசலில் பார்வையாளருக்கு வாங்கும் டிக்கெட் எல்லாம் உங்கள் தலையில். சில போட்டிகளில் அவர்கள் சொல்லும் ஓட்டலில்தான் தங்க வேண்டும்.

கிளப் 501 சி 3 அமைப்பா (வரிவிலக்கு பெற்ற, லாப நோக்கில்லாத அமைப்பு), தனியார் வியாபாரமா என்பதையும் பாருங்கள். 501 சி 3 என்றால் அவர்கள் வருமான வரித் துறைக்குத் தரும் படிவம் 990-ஐ யாரும் பார்க்கலாம். நீங்கள் தரும் நன்கொடைக்கு இணையாக உங்கள் அலுவலகமும் பணம் போடும் திட்டம் இருந்தால், இப்படிப்பட்ட கிளப்புக்கு அது உதவலாம். ஆனால் பிள்ளைக்குக் கட்டும் கட்டணம் நன்கொடை ஆகாது.

போட்டிகளுக்கும் தனிப் படிநிலை உண்டு. யூ-டிரிபிள்-எஸ்-ஏ (USSSA) என்ற அமைப்பு நடத்தும் டிராவல் போட்டிகளில் டபிள் ஏ, அதற்கு மேல் டிரிபிள் ஏ, அதற்கும் மேல் மேஜர். மேஜர் டீமில் பெஞ்சில் உட்காருவதைவிட டபிள் ஏ டீமில் தினமும் ஆடுவது பிள்ளைக்கு எவ்வளவோ நல்லது. கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நினைத்துக் கடன் வாங்காதீர்கள். கல்லூரி விளையாட்டில் உச்சமான முதல் பிரிவுக் (டிவிஷன் 1) கல்லூரிகளிலேயே பல வருடங்களாக ஒரு பேஸ்பால் டீம் முழுவதற்கும் 11.7 முழு ஸ்காலர்ஷிப் அளவுதான் இருந்தது, அதைத்தான் பங்குபோட்டுக் கொடுத்தார்கள்.

அப்புறம் வயது. வயதைக் கணக்கிட லிட்டில் லீக்கில் ஆகஸ்டு 31-ஐ எடுப்பார்கள், டிராவலில் பெரும்பாலும் ஏப்ரல் 30-ஐ. ஜூனில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு இடத்திலும் வயதுப் பிரிவு வேறுவேறாக இருக்கும். மட்டையும் அப்படியே. 2018 முதல் லிட்டில் லீக்கின் சிறுவர் பிரிவுகளில் மட்டையில் யூஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பின் முத்திரை வேண்டும். 1.15 பிபிஎஃப் (1.15 BPF) என்ற வேறு தர முத்திரை மட்டும் உள்ள டிராவல் மட்டையை அங்கே எடுக்க விடமாட்டார்கள். பிள்ளை எங்கே ஆடப்போகிறது என்று முடிவான பிறகு மட்டை வாங்குங்கள்.